ஜி.கே. மணி

ஜி.கே. மணி, தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் தொகுதியிலிருந்து 1996, 2001, 2021 தேர்தல்களில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2006இல் மேட்டூரில் வென்றார். 1998 முதல் 2022 வரை பாட்டாளி மக்கள் கட்சியின் (பா.ம.க.) தலைவர்.

அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள முதலில் பென்னாகரத்தின் மேடு பள்ளத்தைப் பார்க்க வேண்டும். காவிரி அருவியாய்க் கொட்டும் ஒகேனக்கல் இந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. ஆனால் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. ஆடியில் பரிசல் ஓட்ட முடியாத அளவுக்கு வெள்ளம் புரண்டாலும், சில மைல் தள்ளி ஏரி வறண்டு கிடக்கும். மழை பொய்த்தால் மானாவாரி ராகி கருகும். வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போவார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரிலோ ஃபுளோரைடு. சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும் என்று வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளை இந்த மாவட்டம் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறது.

1996இல் தி.மு.க.-த.மா.கா. அலை மாநிலத்தையே வாரிச் சென்றபோது பா.ம.க. 4 இடங்களில் மட்டும் வென்றது. அதில் ஒன்று பென்னாகரம். இரண்டு ஆண்டுகளில் மணி கட்சித் தலைவரானார். 2001இல் அ.தி.மு.க. கூட்டணியில் 20 இடங்கள், 2006இல் தி.மு.க. அணியில் 18 இடங்கள் எனக் கட்சி உச்சத்தில் இருந்த காலம் அவர் தலைவராக இருந்த காலமே. முடிவெடுக்கும் அதிகாரம் நிறுவனர் ராமதாசிடம் இருந்தது. ஊர் ஊராய்ப் போய் அமைப்பைக் கட்டிக்காத்த உழைப்பு மணியுடையது. அந்த உழைப்புக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

2010 மார்ச் 27இல் நடந்த பென்னாகரம் இடைத்தேர்தலைத் தமிழக அரசியல் இன்னும் மறக்கவில்லை. தி.மு.க. உறுப்பினர் பெரியண்ணன் மறைந்ததால் வந்த தேர்தல் அது. அவர் மகன் இன்பசேகரனை தி.மு.க. நிறுத்தியது, கூட்டணி ஏதுமின்றித் தனித்து நின்ற பா.ம.க., மணியின் மகன் தமிழ்க்குமரனை நிறுத்தியது. இன்பசேகரன் 36 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். ஆனால் பேச்செல்லாம் இரண்டாம் இடத்தைப் பற்றித்தான்: அ.தி.மு.க.வை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி, அதன் டெபாசிட்டையும் பறித்திருந்தது பா.ம.க.

2011இல் மேட்டூரில் மணி தோற்றார். 2016இல் முதல்வர் வேட்பாளராகப் பென்னாகரத்தில் நின்ற ராமதாசின் மகன் அன்புமணியையும் இன்பசேகரனே தோற்கடித்தார். அதே இன்பசேகரனை 2021இல் வென்று, இருபதாண்டு கழித்துப் பழைய தொகுதிக்குத் திரும்பினார் மணி.

பா.ம.க. சட்டமன்றக் குழுத் தலைவராக அவர் எழுப்பிய கோரிக்கைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று வன்னியர் உள் ஒதுக்கீடு: அதற்கான 10.5 விழுக்காட்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்ய, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை உறுதிசெய்தது. மற்றது காவிரி உபரிநீரால் ஏரிகளை நிரப்புவது. 1,928 கோடி ரூபாய் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்து குடிநீர்த் துயரைப் பெருமளவு தணித்தது. ஆனால் குழாய் நீர் குடத்துக்குத்தான் ஆகும். வயலுக்கு ஏரி நிரம்ப வேண்டும்.

2022 மே 28இல் தலைவர் பொறுப்பு அன்புமணிக்குச் சென்றது. மணி கௌரவத் தலைவரானார். 2025இல் தந்தை ராமதாசுக்கும் மகன் அன்புமணிக்கும் இடையே பிளவு முற்றியபோது, சமரசத்துக்கு முயன்ற மணி ராமதாஸ் பக்கமே நின்றார். பக்கத்துத் தொகுதியான தர்மபுரியின் உறுப்பினர் எஸ்.பி. வெங்கடேஸ்வரன் அன்புமணி பக்கம் நின்றார்.