காதால் ஓட்டிய மின்நிலையம்

தமிழ்நாட்டில் மின்சாரம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பைக்காராவையும் மேட்டூரையும் மறக்காமல் சொல்வார்கள். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்துக்கு அந்தப் புத்தகங்களில் ஒரு வரி கிடைத்தால் பெரிது. 1962 மே மாதம் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. 2020 செப்டம்பரில் நிலையம் மூடப்பட்டது. இடையில் 58 ஆண்டுகள். டர்பைன் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரி போதாது என்று எனக்குத் தோன்றுகிறது.

கதை தண்ணீரில் தொடங்குகிறது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, கருத்த பொருள் ஒன்று மேலே வந்தது. அவர் அதை விடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பழுப்பு நிலக்கரி என்று உறுதியாகி, ஆய்வுகள் நடந்து, அதை வெட்டி எடுக்க 1956இல் ஒரு நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அப்போது காமராஜர் முதலமைச்சர். மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. மின்நிலையத்தைக் கட்ட சோவியத் ஒன்றியம் கைகொடுத்தது. உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்து நின்ற காலத்தில், ஒரு முகாமின் இயந்திரம் வெட்டிய கரியை இன்னொரு முகாமின் கொதிகலன் எரித்தது.

முதலில் போட்ட திட்டம் 250 மெகாவாட்டுக்குத்தான். பிறகு அது வளர்ந்து 1970இல் 600 மெகாவாட் ஆனது: 50 மெகாவாட்டில் ஆறு யூனிட், 100 மெகாவாட்டில் மூன்று. சுற்றிலும் உரத் தொழிற்சாலை வந்தது. அடுப்பெரிக்க லெக்கோ கட்டிகள் செய்த தொழிற்சாலையும் வந்தது. அறுபது வயது தாண்டியவர்கள் பலருக்கு நெய்வேலி என்றால் இன்றும் லெக்கோதான்.

சுரங்கமும் மின்நிலையமும் சேர்ந்து இயங்கிய இந்த ஏற்பாட்டின் நுட்பம் வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடாது. நெய்வேலிக் கரிப் படுகைக்குக் கீழே பெரிய அழுத்தத்தில் ஊற்றுநீர் நிற்கிறது. மேல்மண்ணை எடுக்க எடுக்க அடியிலிருந்து அது முட்டும். இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வரும். அதனால் 1961 முதல் இரவு பகலாகப் பம்புகள் ஓடுகின்றன. தெர்மல் என்று நாங்கள் அழைத்த மின்நிலையம் தந்த மின்சாரத்தில் சுரங்கம் ஓடியது, சுரங்கம் தந்த கரியில் தெர்மல் ஓடியது, மிஞ்சியது முழுக்கத் தமிழ்நாட்டுக்கு. கரியும் லேசுப்பட்டதல்ல. வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் பாதி ஈரம். அப்படியே தூளாக்க முடியாது. கொதிகலனின் சூட்டிலேயே உலர்த்திக்கொண்டு அரைத்து, அரைத்த கையோடு எரிக்க வேண்டும். மழைக்காலத்தில் கன்வேயரில் வரும் கரி சேறாக ஒட்டும். கரியைச் சேர்த்துவைக்கும் பங்கரில் அடைத்துக்கொண்டால் ஆட்கள் தடியோடு ஏறுவார்கள்.

மூடிய பிறகு அனுமதி வாங்கி ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். டர்பைன் ஹாலில் ஒன்பது இயந்திரங்களும் வரிசையாகக் கிடந்தன. பழைய தகடுகளில் ரஷ்ய எழுத்துகளின் மேல் தூசி. கைப்பிடிக் கம்பிகளில் எங்கள் கைகள் பட்டுப்பட்டுப் பெயின்ட் போன இடங்களில் இரும்பு வழவழத்தது. கன்ட்ரோல் ரூமில் முட்கள் எல்லாம் பூஜ்யத்தில் நின்றன. நான் நேராக ஒரு பேரிங்கின் பக்கம் போய் நின்றேன். வேலை கற்றுக்கொண்ட இடம் அது.

டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங்கில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்போம். சீரான ஓசை என்றால் சரி. அதற்குள் மெல்லிய உரசல் கலந்தால், மீட்டர் காட்டுவதற்கு முன்பே ஷிப்ட் இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். "தம்பி, முதல்ல காது சொல்லும், அப்புறம்தான் மீட்டர்" என்பார் எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த ஆபரேட்டர்.

யூனிட்டை நிறுத்துவதும் சும்மா ஸ்விட்சைத் தட்டுகிற வேலை இல்லை. சூடாக இருக்கும் ரோட்டரை அசையாமல் விட்டால் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் குளிர்ந்தும் போய், தண்டு வளைந்துவிடும். அதனால் பாரிங் கியர் என்ற சிறு மோட்டாரைப் பூட்டி, ஆறும்வரை மெல்ல மெல்லச் சுற்றவிட வேண்டும். அந்த மோட்டாரும் மக்கர் செய்தால் நெம்புகோல் போட்டுக் கையால் அரைச்சுற்று திருப்பி, சாக்பீஸால் குறி வைத்து, நேரம் பார்த்து மறுபடி திருப்ப வேண்டும். சி ஷிப்டில் இரவு முழுக்க அப்படித் திருப்பியிருக்கிறோம். 1990களில் ஆயுள் நீட்டிப்புப் பணிகள் நடந்தன, உண்மைதான். ஆனால் புது உதிரிபாகங்கள் மட்டும் இந்த இயந்திரங்களை இத்தனை காலம் ஓட்டியிருக்காது. கேட்டும் தொட்டும் அவற்றை அறிந்தவர்கள் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு அந்த அறிவைக் கைமாற்றிக்கொண்டே வந்தார்கள்.

நிலையத்தை மூடியது சரியான முடிவுதான். பழைய இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகக் கரி தின்னும், அதிகப் புகை கக்கும். அதன் இடத்தில் 1000 மெகாவாட் புது நிலையம் வந்துவிட்டது. ஆனால் மின்சாரக் கணக்கோடு நிலத்தின் கணக்கும் உண்டு. சுரங்கத்துக்காகவும் நகரியத்துக்காகவும் ஊர்களைக் காலி செய்துகொண்டு போனவர்கள் கொடுத்த விலை எந்த மீட்டரிலும் பதிவாகவில்லை. 2023இல் நெய்வேலிக்கு அருகிலுள்ள வளையமாதேவியில் நெற்பயிருக்குள் சுரங்க நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே பார்த்தது. நிலத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை என்று அதைப் பார்த்த எவருக்கும் தெரியும். நிலையத்தின் வரலாற்றை எழுதுகிறவர் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நான் கேட்பது மூன்று. ஒன்று, 50 மெகாவாட் டர்பைன் ஒன்றாவது பழைய இரும்பு விலைக்குப் போகாமல், மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி நெய்வேலியிலேயே நிற்க வேண்டும். இரண்டு, மணிக்கொரு முறை எங்கள் கைப்பட எழுதிய லாக் புத்தகங்கள் காகிதக் கழிவாகிவிடக் கூடாது. எந்த ராத்திரி எந்த இயந்திரம் என்ன பாடுபடுத்தியது என்பது அவற்றில்தான் இருக்கிறது. மூன்று, நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் கொடுத்தவர் என்று எல்லோரிடமும் போய் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். முதல் யூனிட்டை ஓட்டியவர்களில் எஞ்சியிருப்பவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். பதிவு செய்ய நினைப்பவர்கள் அவர்களிடமிருந்து தொடங்கட்டும், இந்த ஆண்டே தொடங்கட்டும்.