வீடிழந்தோர் அமைத்த இல்லம்

பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் கல்வி புகட்டத் துணிந்தமைக்காக, ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1849இல் பூனாவில் தந்தையின் வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். வீடிழத்தலின் துன்பத்தை அவர்கள் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர்.

அக்காலத்தே பார்ப்பனக் கைம்பெண் ஒருத்தி கருவுற்றால் அவளுக்கு உற்றாரும் இல்லை, ஊரும் இல்லை. தன்னை மாய்த்துக்கொள்வாள்; அன்றேல் சிசுவை மாய்ப்பாள். 1863இல் அவ்விருவரும் தம் மனையிலேயே அத்தகைய தாய்மார்க்குப் புகலிடம் அமைத்தனர். மறைவாகப் பிள்ளை பெறலாம்; குழந்தையை உடன் கொண்டு செல்லலாம், அங்கேயே விட்டும் செல்லலாம். குழந்தைகளைச் சாவித்திரிபாய் வளர்த்தார். அங்குப் பிறந்த யஷ்வந்தை மகனாக ஏற்று மருத்துவராக்கினர். 1897இல் அம்மகனோடு பிளேக் நோயாளர்க்குத் தொண்டாற்றுகையில் அன்னையும் அந்நோய்க்கு இரையானார்.

சூத்திரரென்று தம்மை இகழ்ந்தோரின் பெண்களுக்கும் அவர்கள் கதவடைக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

வெள்ளி விழாக் காணும் நாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரை வேண்டுகிறோம். கூரையற்ற தாயின் பிள்ளை எங்கிருந்து புறப்பட்டு வரும்? பிள்ளைக்கு விடுதியில் இடமளித்துத் தாயைத் தெருவில் நிறுத்துதல் பாதிப் பணியே. இளைஞர்களே, தாயும் சேயும் ஒருங்கே தங்கித் தலைநிமிரும் இல்லம் ஒன்றை எழுப்புதல் நம் அடுத்த கடனாகுக!