நேச எண்கள்

எண்களுக்குள்ளும் நேசம் உண்டென்றால் நம்மில் பலர் வியப்புறக்கூடும். ஆயினும் அரபுக் கணித நூல்களில் 'முதஹாப்பா', அதாவது 'ஒன்றையொன்று நேசிப்பவை' எனப் பெயர் பெற்ற எண்கள் உண்டு. 17296 அவற்றுள் ஒன்று.

இந்த எண்ணை, அதனை நீக்கி, மீதமின்றி வகுக்கும் எண்கள் பத்தொன்பது. 1, 2, 4, 8, 16 முதல் வரிசை. 23, 46, 92, 184, 368 இரண்டாவது. 47, 94, 188, 376, 752 மூன்றாவது. 1081, 2162, 4324, 8648 நான்காவது. அனைத்தையும் கூட்டினால் 18416 வரும். இனி 18416ஐ வகுப்பவற்றைக் காண்போம்: 1, 2, 4, 8, 16, 1151, 2302, 4604, 9208. இவற்றின் கூட்டுத்தொகையோ 17296! வீட்டுப் பிள்ளைகளும் கூட்டிப் பார்த்து மகிழலாம்.

இவ்வினத்தில் மிகச் சிறியவை 220உம் 284உம் ஆகும். பிற இணைகளைத் தேடும் வழியை வகுத்தளித்தவர், 901இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா. 16ஐ மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 47. அதன் பாதியாகிய 8ஐ அவ்வாறே செய்தால் 23. 8ஐயும் 16ஐயும் பெருக்கி, வந்ததை ஒன்பதால் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 1151. மூன்றும் பகா எண்கள். ஆகவே 16, 23, 47 ஆகியவற்றின் பெருக்கம் 17296. 16, 1151 ஆகியவற்றின் பெருக்கம் 18416. இவ்வாறு மூன்றும் பகா எண்களாய் அமையும் இடமெல்லாம் ஓர் இணை கிட்டும் என்பதைத் தாபித் தர்க்கமுறைப்படி நிறுவினார்.

பின்னர் மராக்கிஷ் நகரத்து இப்னுல் பன்னாவும் (1256–1321), வானவில்லின் தோற்றத்தை விளக்கிய பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்பாரிஸீயும் 17296, 18416 என்னும் இணையை எடுத்துரைத்தனர். பாரிஸீ தாபிதின் விதிக்குப் புதியதொரு நிறுவலையும் தந்தார். பிரான்சின் பெர்மா இதே இணையை அறிவித்தது 1636இல். எனினும் ஐரோப்பிய நூல்கள் நெடுங்காலம் இதனைப் பெர்மாவின் பெயராலேயே வழங்கின. 1852இல் வோப்கே என்னும் ஜெர்மானிய அறிஞர் தாபிதின் விதியைப் பிரெஞ்சு மொழியில் வெளிப்படுத்தினார். 1980களில் ருஷ்தீ ராஷித் பாரிஸீயின் நூலை ஆராய்ந்து வெளியிட்டார்.

உரியவர்க்கு உரிய புகழைக் கேட்கும் நாம் நீதியுடன் கேட்க வேண்டும். பெர்மா அரபு நூலைப் பார்த்து எழுதினார் எனக் கூற ஆதாரமில்லை. தாபிதும் முஸ்லிம் அல்லர். ஹர்ரான் நகரத்து ஸாபியீன் சமயத்தவர். அவருடைய திறமையை அறிந்து பாக்தாதுக்கு அழைத்து வந்தோர் பனூ மூஸா சகோதரர்கள். அவர் கற்ற கணிதத்தில் யூக்ளிட் முதலிய கிரேக்கரின் உழைப்பும் இருந்தது. அறிவு எவரிடமிருந்தாலும் அதனை மதித்து ஏற்ற அந்த நகரத்தின் பண்பே நாம் பெருமைகொள்ளத் தக்கது.

முன்னோரின் புகழைப் பேசுவது எளிது. அவர்கள் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.