கருந்தலைப் புழுவுக்கு இரண்டு பட்டா

பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் கருந்தலைப் புழுவைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயில் காலத்தில் அடிமட்டைகள் தீயில் காட்டியது போலக் காய்ந்து தொங்கும். கீற்றைத் திருப்பினால் அடிப்புறத்தில் நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டிய நீளக் கூடு இருக்கும். அதற்குள் இருந்துகொண்டு புழு பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். புழுவை எல்லோருக்கும் தெரியும். அது வளர்ந்து என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. இறக்கையை விரித்தாலும் ஒரு அங்குலத்தைத் தாண்டாத, சாம்பல் நிறச் சிறு அந்துப்பூச்சி அது. ஓலையோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டால் நம் கண்ணுக்குத் தட்டுப்படாது.

இந்தச் சிறு பூச்சிக்கு இரண்டு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிவதற்கு முக்கால் நூற்றாண்டு ஆனது. வருவாய்த் துறைப் பழக்கமுள்ளவர்களுக்கு எளிதாகச் சொன்னால், ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா.

முதல் பட்டா 1864ல். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பிரான்சிஸ் வாக்கர் என்பவர் பூச்சிகளைப் பட்டியலிடும் வேலையில் இருந்தார். கப்பல் கப்பலாக வந்து இறங்கிய பூச்சிகளை எடுத்து, பெயர் வைத்து, நாலு வரி எழுதி, அடுத்ததுக்குப் போவார். அவர் பெயரிட்டவை இருபதாயிரத்தை எட்டும் என்பார்கள். அவசரத்தில் ஒரே பூச்சிக்கு இரண்டு மூன்று பெயர்களும் வைத்திருக்கிறார் என்று பின்னால் வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். நம் தென்னைப் பூச்சிக்கு அவர் வைத்த பெயர் ஒபிசினா அரினோசெல்லா. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இன்னும் மறக்காத லத்தீன் வேர்ச்சொற்களில் மணலைக் குறிக்கும் சொல்லும் ஒன்று. அரினோசெல்லா அதிலிருந்து வந்ததுதான். பூச்சியின் நிறத்துக்குப் பொருத்தமான பெயர். ஆனால் அது பட்டியலோடு தூங்கிவிட்டது.

இரண்டாவது பட்டா 1905ல். கொடுத்தவர் எட்வர்ட் மெய்ரிக். இங்கிலாந்தில் மார்ல்பரோ என்ற ஊரின் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். பள்ளி வேலை போக மிச்ச நேரத்தில் உலகத்தின் சிறு அந்துப்பூச்சிகளுக்கெல்லாம் பெயர் வைத்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அவர் பெயரிட்டவை. பூச்சியை அறுத்துப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இறக்கை நரம்புகளைப் பார்த்தே முடிவு செய்வார். அவர் இதற்கு வைத்த பெயர் நெஃபாண்டிஸ் செரினோபா. நாற்பத்தொரு வருடம் முன்பே இதற்கு ஒரு பெயர் இருப்பது அப்போது யார் கவனத்துக்கும் வரவில்லை.

இதற்குள் நம் மாகாணத்திலும் பூச்சிக் கணக்கு தொடங்கிவிட்டது. பெயின்பிரிக் ஃபிளெட்சர் என்பவர் ஆங்கிலக் கடற்படையில் கணக்குப் பிரிவு அதிகாரியாக இருந்தவர். சிறு அந்துப்பூச்சிகள் மேல் இருந்த பித்தினால் பூச்சியியலுக்கு வந்து, சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக வேலை பார்த்தார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகத்தை 1914ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. பிறகு பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், இந்திய அரசின் பூச்சியியலாளராக 1932 வரை இருந்தார். இங்கே பிடித்த சிறு பூச்சிகளை அவர் மெய்ரிக்குக்கு அனுப்புவார், பெயர் திரும்பி வரும். ஆகவே இங்கே புழக்கத்துக்கு வந்தது மெய்ரிக் வைத்த பெயர்தான். டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1940ல் தென்னிந்தியாவுக்கென்று எழுதிய பூச்சியியல் கையேட்டைப் படித்து வந்த வேளாண் அலுவலர்களுக்கெல்லாம் அது நெஃபாண்டிஸ்தான்.

1981ல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் பெக்கர், வாக்கரும் மெய்ரிக்கும் பெயரிட்ட பழைய அந்துப்பூச்சிகளை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று எழுதினார். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி பொதுவாக முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை. மெய்ரிக்கின் பட்டா ரத்தானது. வாக்கரின் பெயர் 117 வருடம் கழித்துத் தூக்கம் கலைந்து எழுந்தது.

பெயர் மாறினால் என்ன, புழு புழுதானே என்று கேட்கலாம். கோப்பு தேடி அலைந்தவர்களுக்கு விடை தெரியும். முக்கால் நூற்றாண்டு ஆராய்ச்சி முழுவதும் பழைய பெயரில் கிடக்கிறது. புதுப் பெயரை மட்டும் தெரிந்த இளைஞர் தேடினால் பாதிக் கோப்பு கைக்கு வராது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கருந்தலைப் புழுவை அழிக்கத் தோப்புகளில் விடும் குட்டிக் குளவியின் பெயர் கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ். பெண் குளவி புழுவைக் கொட்டி அசையாமல் செய்து, அதன் மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும்வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். இரையின் பெயர் மாறியும் குளவியின் பெயர் மாறவில்லை. நிலம் கைமாறிய பிறகும் வாய்க்காலைப் பழைய சொந்தக்காரர் பெயரால் கூப்பிடுகிறோமே, அது மாதிரி.

சரியாக அடையாளம் காண்பது ஏட்டு விவகாரம் மட்டும் இல்லை. 2016ல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ என்ற வெளிநாட்டுப் பூச்சி முதன்முதலாகப் பதிவானது. அது சாற்றை உறிஞ்சி ஒட்டும் திரவத்தை விட, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து ஓலை கறுத்துவிடும். தூரத்தில் நின்று பார்த்து, இதுவும் கருந்தலைப் புழு வேலைதான் என்று அந்தக் குளவியை வாங்கி விட்டால் பணம்தான் நஷ்டம். வெள்ளை ஈக்கு ஒட்டுண்ணி வேறு. கீற்றைத் திருப்பிப் பார்த்து, இது இன்னது என்று சொன்ன பிறகுதான் மருந்தோ குளவியோ.

தொல்லை தரும் பூச்சிக்கே இந்தப் பாடு என்றால், யாருக்கும் தொல்லை தராத நூற்றுக்கணக்கான சிறு அந்துப்பூச்சிகளின் கதி என்ன? இரவில் திண்ணை விளக்கைச் சுற்றி வருவதில் எது சாதாரணம், எது அபூர்வம்? அபூர்வம் என்று சொல்வதற்கே முதலில் கணக்கு வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி என்ற சீட்டு இல்லாத பூச்சி, கையெழுத்து இல்லாத மனு மாதிரி.

அந்தச் சீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய மாதிரி ஒன்றில் "சேலம் மாவட்டம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்தச் சேலம்? 1965க்கு முன்பு என்றால் இன்றைய தருமபுரியாக இருக்கலாம், கிருஷ்ணகிரியாகவும் இருக்கலாம். நாமக்கல் தாலுகாவை 1910ல் திருச்சிராப்பள்ளியோடு சேர்த்தார்கள். பிறகு சேலத்துக்கே திரும்பி வந்து, 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம் ஆயிற்று. பூச்சி இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் மூன்று தடவை மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் இந்தத் தொல்லையை முன்கூட்டியே உணர்ந்தவர் தாவரவியலாளர் வாட்சன். 1852லேயே பிரிட்டனை 112 துண்டுகளாகப் பிரித்து, அரசாங்கம் எல்லையை எப்படி மாற்றினாலும் தாவரக் கணக்குக்கு இந்த எல்லைதான் என்று வைத்தார். பூச்சிக் கணக்குக்கும் அங்கே இன்றுவரை அதுதான். நமக்கு அப்படி ஏற்பாடு இல்லாததால், ஊர்ப் பெயரையும் தாலுகாவையும் விடாமல் எழுதுவதுதான் வழி.

ஃபிளெட்சர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் சும்மா இருக்கவில்லை. குளோஸ்டர்ஷையர் என்ற ஒரே ஒரு மாவட்டத்தில் குடியேறி, அதன் சிறு அந்துப்பூச்சிகளைப் பட்டியலிட உட்கார்ந்தார். ஒரு பெரிய தேசத்தின் பூச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர், கடைசியில் வீட்டைச் சுற்றியுள்ள பூச்சிகளை எண்ணினார். ஓய்வூதியர்களுக்கு ஏற்ற வேலைதான்.

இன்று வலை, ஊசி, பெட்டி எதுவும் வேண்டாம். கைப்பேசி போதும். வாசல் விளக்கடியில் வந்து உட்காரும் பூச்சியை, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். தேதி, ஊர், தாலுகா, அருகில் உள்ள மரம் செடி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் ஏற்றினால் விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். உலகம் முழுவதும் ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் என்று ஒன்று நடக்கிறது, அதில் தொடங்கலாம். பேரப்பிள்ளைகளைக் கூட்டு சேர்த்துக்கொண்டால் கைப்பேசித் தொல்லையும் மிச்சம்.

பெயரை உடனே சரியாகச் சொல்ல முடியவில்லை என்றாலும் பாதகமில்லை. பெயரைப் பின்னால் வருகிறவர்கள் திருத்திக்கொள்வார்கள். ஊரையும் தேதியையும் இன்று நாம் எழுதாவிட்டால் பிறகு யாராலும் எழுத முடியாது.