ஆழ்துளைக் கிணற்று நீருக்குக் கட்டணம்: அடி அண்ணாமலையை முன்வைத்து

சிக்கல்

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் உள்ள ஊர் அடி அண்ணாமலை. மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, வரத்துக் கால்வாய்கள் வழியே குளங்களிலும் ஏரிகளிலும் சேர்கிறது. அங்கிருந்து கசிந்து பாறை விரிசல்களில் தங்கும் நீரே கிணறுகளுக்கு ஊற்று. நகருக்குச் சாத்தனூர் அணையின் தண்ணீர் வருகிறது. ஆனாலும் பௌர்ணமிதோறும் திரளும் இலட்சக்கணக்கான பக்தர்களுக்கு ஈடுகொடுக்க விடுதிகளும் கல்யாண மண்டபங்களும் டேங்கர் லாரிகளும் ஆழ்துளைக் கிணறுகளை நாடுகின்றன. வீட்டு வரி கட்டடத்தின் பரப்பைக் கணக்கிடுகிறது. மோட்டார் இறைக்கும் அளவைக் கணக்கிடுவதில்லை.

பெருமளவில் இறைப்போரிடம் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கி நீராதாரங்களைக் காக்கலாம். ஆனால் எவ்வளவு வாங்குகிறோம் என்பதைவிட, வாங்கிய பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

சட்டத்தின் தடம்

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தன் நிலத்தடி நீரை எடுக்கும் உரிமையை நில உரிமையாளருக்கு அளிக்கிறது. இதை ஒழுங்குபடுத்தத் தமிழகம் 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது.

தொழிற்சாலைகளிடமும் உள்ளாட்சிகளிடமும் நீர்ப் பயன்பாட்டு அளவுக்கேற்ப மேல்வரி விதித்த மத்தியச் சட்டம் 1977இல் வந்தது. அதன் வீதம் ஆயிரம் லிட்டருக்குச் சில காசுகளாகவே இருந்தது. வசூலான தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்ந்து, நாடாளுமன்ற ஒதுக்கீட்டுக்குப் பின்னரே மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குத் திரும்பியது. நீர் கொடுத்த ஊரின் ஏரிக்கு அதில் பங்கு ஏதும் குறிக்கப்படவில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த மேல்வரி ஒழிக்கப்பட்டது.

சென்னை மாகாண அறநிலையச் சட்டம் தொடர்பான சிரூர் மடம் வழக்கில் (1954) உச்ச நீதிமன்றம் வரியையும் கட்டணத்தையும் பிரித்துக் காட்டியது. செலுத்துவோருக்கான சேவையோடு தொடர்பில்லாமல் பொது நிதியில் கலக்கும் தொகை கட்டணமாகாது என்றது. பின்வந்த தீர்ப்புகள் இந்த அளவுகோலைத் தளர்த்தின என்றாலும், கட்டணத்துக்கும் பயனுக்கும் நியாயமான தொடர்பு வேண்டும் என்பது நிலைத்தது. எனவே தனிக் கணக்கு என்பது நிர்வாக வசதி மட்டுமன்று. கட்டணத்தின் சட்ட வலிமையும் அதில்தான் உள்ளது.

மரபும் பிற நாடுகளும்

நீருக்கான வருவாயைத் தனியே ஒதுக்குவது நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் இடம்பெறுகிறது. ஏரிப்பட்டி நிலத்தின் வருவாய் ஏரியைப் பேணவே விடப்பட்டது. பிரான்சில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றுப்படுகை வாரியாக முகமைகளை அமைத்து, நீர் எடுப்போரிடமும் மாசுபடுத்துவோரிடமும் பெறும் கட்டணத்தை அந்தந்தப் படுகையிலேயே செலவிடச் செய்தது. ஈக்வடாரின் கீட்டோ நகரில் 2000இல் தொடங்கிய நீர் நிதியத்துக்கு, குடிநீர் நிறுவனம் தன் வருவாயில் ஒரு பங்கை மலை நீர்ப்பிடிப்பைக் காக்கத் தருகிறது.

மறுப்புகள்

செலவு பக்தர் தலையில் விழும் என்பர். எடுத்துக்காட்டாக, ஆயிரம் லிட்டருக்கு 20 ரூபாய் விதித்தால் 20 லிட்டர் கேனுக்கு 40 காசும், 12,000 லிட்டர் லாரிக்கு 240 ரூபாயும் ஆகும். இது தாங்கக்கூடியதே. அன்னதானம் நடத்தும் மடங்களுக்குக் குறிப்பிட்ட அளவு வரை விலக்குத் தரலாம். நிலத்தடி நீரை அதிகம் எடுப்பது வேளாண்மையே என்ற வாதம் உண்மைதான். ஆனால் உழவரின் பாசனத்தைத் தொடாமல், பம்புசெட் நீர் லாரியில் ஏறும் இடத்தில் அதை வணிகமாகக் கொள்வதே நியாயம்.

முடிவுரை

வணிக ஆழ்துளைக் கிணறுகளில் மீட்டர், உள்ளாட்சியிடம் தனிக் கணக்கு, ஓடைகளைச் செப்பனிடவும் ஏரிகளைத் தூர்வாரவும் மட்டுமே செலவு, கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ ஆண்டுக் கணக்கு வாசிப்பு ஆகிய நான்கும் சேர்ந்தே நடைமுறைக்கு வர வேண்டும். தனிக் கணக்கு இல்லையேல் இது இன்னொரு வரியாகவே முடியும். அதற்கு இத்திட்டமே தேவையில்லை.