வெள்ளி மையில் எழுதிய பதிதர் வேதம்

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய வேதாகமம் இருக்கிறது. ஊதாச் சாயம் ஏற்றிய தோல் ஏடு, அதன்மேல் வெள்ளி மையில் எழுத்து. நற்செய்தி தொடங்கும் இடத்தில் முதல் மூன்று வரிகளுக்குத் தங்கம். அச்சில் வார்த்ததுபோல எழுத்துகள் அத்தனை சீராக இருப்பதால், இது கையால் எழுதியதல்ல, முத்திரை குத்தியது என்றே 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் யோஹான் ஈரே சாதித்தார். அது தவறு, கையெழுத்துதான். அரசர் வீட்டுப் பொருள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். திருச்சபையின் கணக்கில் இது பதிதர்களின், அதாவது கொள்கை பிறழ்ந்தவர்களின், வேதம் என்பது மட்டும் பார்த்தாலும் தெரியாது, வாசித்தாலும் தெரியாது.

அந்தக் கணக்கு தொடங்கிய கதை இது. அலெக்சாந்திரியா குருவான ஆரியுஸ், மகனான இயேசு தந்தையாகிய கடவுளால் உண்டாக்கப்பட்டவர், அவருக்குத் தொடக்கம் உண்டு என்று போதித்தார். 325-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நைசியாவில் கூட்டிய சங்கம் அதைத் தள்ளி, தந்தையும் மகனும் ஒரே பொருள் என்று அறிக்கையிட்டது. நம்மூர்க் கோயில்களில் இன்றும் சொல்லப்படும் விசுவாச அறிக்கைக்கு வேர் அங்கேதான். ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. கான்ஸ்டன்டைனுக்கே மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆரியுசுக்குப் பரிந்து பேசிய நிக்கோமேதியா ஆயர் யூசேபியஸ். பேரரசரின் மகன் கான்ஸ்டான்டியசும் அந்தப் பக்கமே சாய்ந்தார். நைசியாவின் காவலரான அத்தனாசியஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரண்மனை எந்தப் பக்கமோ அதுவே சத்தியம் என்று அரை நூற்றாண்டு ஓடியது.

அந்த இடைவெளியில்தான் யூசேபியஸ், கோத்தியர் இனத்துக்கு உல்ஃபிலா என்பவரை ஆயராக அபிஷேகம் செய்து அனுப்பினார். மகன் தந்தைக்கு ஒப்பானவர் என்ற அளவில் நின்றவர் உல்ஃபிலா. தன்னைப் பதிதன் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. எழுத்து இல்லாத மொழிக்குக் கிரேக்கத்தை அடியொற்றி எழுத்து அமைத்தார், வேதத்தை மொழிபெயர்த்தார். அரசர்களின் ஆகமங்களை மட்டும் விட்டுவிட்டாராம். கோத்தியருக்கு ஏற்கெனவே சண்டை என்றால் உயிர், அதைப் படித்து வேறு உசுப்பேற்ற வேண்டாமே என்று!

381-இல் தியோடோசியஸ் பேரரசர் நைசியாவின் பக்கம் முடிவாகத் தீர்ப்பு வாங்கினார். கோத்தியரோ, முந்தைய பேரரசர்களின் சபையிலிருந்து தாங்கள் பெற்ற விசுவாசத்தை விடவில்லை. என்னைக் கேட்டால், அவர்கள் எங்கும் விலகிப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்கள், எல்லைக்கல்தான் நகர்ந்தது.

உல்ஃபிலாவின் மொழிபெயர்ப்பைத் தாங்கிய நமது புத்தகம் பிறந்தது இதற்கெல்லாம் வெகு காலம் பின்னால், 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இத்தாலியை ஆண்ட கோத்திய அரசர் தியோடோரிக்குக்காக ரவென்னாவில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அந்த ஊரில் நைசியா தரப்பு, கோத்தியர் என இரு சாராருக்கும் தனித்தனி ஞானஸ்நான மண்டபம். இரண்டின் விதானத்திலும் ஒரே காட்சி: யோர்தானில் இயேசு, சுற்றிலும் பன்னிரு சீடர்கள்.

540-இல் பைசாந்தியப் படை ரவென்னாவைப் பிடித்தது. கோத்தியரின் கோயில்கள் மறுதரப்புக்குப் போயின. தியோடோரிக் கட்டிய அரண்மனைக் கோயிலைப் பதிதரின் பகைவரான புனித மார்ட்டின் பெயருக்கு மாற்றினார்கள். சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்த அரண்மனைச் சித்திரத்தில், தூண்களுக்கு நடுவே நின்ற உருவங்களைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் வெள்ளைத் திரைச்சீலை பதித்தார்கள். வேலையில் ஒரு குறை. தூண்களின்மேல் விழுந்திருந்த கைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று போனாலும் பார்க்கலாம்: ஆள் இல்லை, தூணில் கை மட்டும் இருக்கிறது.

புத்தகம் அதற்குப் பின் ஆயிரம் ஆண்டு கண்ணில் படவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் வெர்டன் மடத்தில், கத்தோலிக்கத் துறவிகளின் கையில் இருந்தது தெரியவந்தது. 1600 வாக்கில் பிராகாவில், கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அபூர்வப் பொருள் சேகரிப்பில். முப்பதாண்டுப் போர் முடியச் சில மாதங்களே இருந்த 1648 கோடையில் ஸ்வீடன் படை பிராகா அரண்மனையைச் சூறையாடியபோது, கொள்ளைப் பொருளோடு லூத்தரன் அரசி கிறிஸ்டினாவிடம் போனது. அவரோ 1654-இல் முடி துறந்து கத்தோலிக்கர் ஆனார்! அரசியின் நூலகர் ஐசக் வோசியுஸ் புத்தகத்தை ஹாலந்துக்குக் கொண்டுபோனார். சம்பள பாக்கிக்கு ஈடு என்று சொல்வார்கள். அங்கிருந்து 1662-இல் ஸ்வீடன் பிரபு டி லா கார்டி விலைக்கு வாங்கினார். ஏற்றி வந்த கப்பல் தரைதட்டியும் புத்தகம் பிழைத்தது. வெள்ளி அட்டை போட்டு 1669-இல் உப்சாலாவுக்குக் கொடுத்தார். கத்தோலிக்கரும் லூத்தரனும் ஒருவரையொருவர் பதிதர் என்று வெட்டிக்கொண்ட காலம் அது. அசல் பதிதரின் புத்தகத்தை இருவருமே பொக்கிஷமாகத்தான் வைத்திருந்தார்கள்.

குறைந்தது 336 ஏடுகள் இருந்த இடத்தில் இன்று உப்சாலாவில் 187. ஆரியுஸ் வழக்கின் மையமான யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம், வார்த்தை கடவுளாக இருந்தது என்று சொல்லும் அந்தப் பகுதி, போய்விட்டது. தானும் தந்தையும் ஒன்று என்று இயேசு சொல்லும் 10-ஆம் அதிகாரம் இருக்கிறது. தந்தை தன்னைவிடப் பெரியவர் என்று அவரே சொல்லும் 14-ஆம் அதிகாரமும் இருக்கிறது. முன்னதை நைசியா தரப்பும் பின்னதை எதிர்த் தரப்பும் ஆதாரமாகக் காட்டி வாதாடின. எழுதியவர் எதையும் திருத்தவில்லை, இரண்டுக்கும் ஒரே வெள்ளி மைதான்.

1970-இல் ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தில் புனித எராஸ்முசின் திருப்பண்டப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஓர் ஊதா ஏடு சுருட்டிக் கிடந்தது. மாற்கு நற்செய்தியின் கடைசி ஏடு, இதே புத்தகத்தினுடையது. கத்தோலிக்கப் புனிதரின் திருப்பண்டங்களோடு சேர்ந்து அதுவும் பத்திரமாக இருந்திருக்கிறது. அந்த ஏடு உப்சாலாவுக்குப் போகவில்லை, ஷ்பையரிலேயே இருக்கிறது.