மைசூர் அளித்த உதவித்தொகையும் ஓசூரின் பட்டறைகளும்

ஓசூர் சிப்காட் சாலையில் காலை வேளையில் நடந்து செல்வோர், பெரிய ஆலைகளின் மதிற்சுவர்களை ஒட்டியும் உட்புறத் தெருக்களிலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இயங்குவதைக் காண்பர். லேத் இயந்திரம் இரண்டு, துளையிடும் இயந்திரம் ஒன்று, ஊழியர் நால்வர் என்ற அளவில் நடைபெறும் இத்தொழில்களில் நமது மஹல்லாவைச் சேர்ந்த குடும்பங்கள் பலவும் பிழைக்கின்றன. இவ்வளவு தொழில் இவ்வூருக்கு எவ்வாறு வந்தது என்று கேட்டால், பெரிய நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லுவர். நிலத்தைக் கையகப்படுத்தி, சாலையும் மின்சாரமும் தந்து, கடனுக்கு வழி செய்த அரசு அதிகாரிகளை எவரும் நினைப்பதில்லை. அந்த அதிகாரிகளைப் படிக்க வைத்தவர் யார் என்ற கேள்வியோ எழுவதே இல்லை. அக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி எல்லைக்கு அப்பால், மைசூர் சமஸ்தானத்தின் வரலாற்றில் இருக்கிறது.

அப்பால் என்று சொல்வதும் முழுமையாகப் பொருந்தாது. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமஹால் 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கம்பெனியாரிடம் சென்றது. 1799-இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின்னரே ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் சேலம் ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டன. கோடு போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். உறவும் வணிகமும் அக்கோட்டைப் பொருட்படுத்தியதில்லை.

இனி மைசூருக்கு வருவோம். சிக்கபள்ளாப்பூர் அருகிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த ஒரு மாணவர், இளமையிலேயே தந்தையை இழந்து, பெங்களூரில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் செலவைப் பார்த்துக்கொண்டு, 1881-இல் சென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ. தேறினார். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆவல்; அதற்கு வசதியில்லை. மைசூர் அரசாங்கம் உதவித்தொகை வழங்கி அவரைப் பூனா அறிவியல் கல்லூரிக்கு அனுப்பிற்று. அவரே பின்னாளில் சர் எம். விசுவேஸ்வரய்யா என்று நாடறிந்த பெரியார். 1883-இல் முதன்மையாகத் தேறியவர், அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்துவிட்டார். ஏறத்தாழ 24 ஆண்டுகள் அங்கேயே பணி! நம் பணத்தில் படித்தவன் அயல் மாகாணத்துக்கு உழைக்கிறானே என்று மைசூரில் எவரேனும் முணுமுணுத்திருந்தால் வியப்பில்லை. நமது ஊர்களிலும் உதவித்தொகை கொடுத்துவிட்டு மறு ஆண்டே கணக்குக் கேட்போர் உண்டல்லவா? 1908-இல் மூசி ஆற்று வெள்ளத்தால் சீரழிந்த ஹைதராபாத்துக்கும் ஆலோசனை கூறிவிட்டு, 1909-இல் அவர் மைசூருக்குத் தலைமைப் பொறியாளராகத் திரும்பினார். 1912 முதல் 1918 வரை திவான் பதவி வகித்தார்.

அவருடைய பெயரைச் சொன்னவுடன் கிருஷ்ணராஜ சாகர் அணையே அனைவருக்கும் நினைவில் வரும். அதனை இங்கே விரிக்கவில்லை. சிறு வணிகருக்கும் கைத்தொழிலாளருக்கும் அவர் செய்தவற்றையே காண்போம். 1911-இல் அவருடைய முயற்சியால் மைசூர் பொருளாதார மாநாடு கூட்டப்பட்டு, அதிகாரிகளும் வணிகர்களும் விவசாயிகளும் ஒரே அவையில் அமர்ந்து பேசும் வழக்கம் ஏற்பட்டது. 1913-இல் மைசூர் வங்கி தோன்றியது; பின்னாளில் ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் என வழங்கி, 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது அதுவே. 1916-இல் வர்த்தக சபையும், அதே ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகமும் உருவாயின. ஒருவரைப் படிக்க வைத்த செலவு எத்தனை கிளைகளாக விரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சந்தனத்தின் கதை இதற்குச் சிறந்த சான்று. திப்பு சுல்தான் காலம் முதலே மைசூரில் சந்தன மரம் அரசுடைமை. கட்டைகளை ஐரோப்பியர் வாங்கிச் சென்று, குறிப்பாக ஜெர்மனியில், எண்ணெய் வடித்து விற்றனர். 1914-இல் உலகப் போர் மூண்டதும் கட்டைகள் விலைபோகாமல் குவிந்தன. நாமே எண்ணெய் வடித்தால் என்ன என்று மன்னரும் திவானும் எண்ணினர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் முறையைக் கண்டறிந்து தர, 1916-இல் எண்ணெய் ஆலை தொடங்கிற்று. அடுத்து சோப்பு. அதற்கென எஸ்.ஜி. சாஸ்திரி என்னும் இரசாயன நிபுணரை அரசே இங்கிலாந்துக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தது. அவர் திரும்பி வந்து அரசுத் தொழிற்சாலையில் அமர்ந்தார். 1918-இல் மைசூர் சாண்டல் சோப்பு வெளிவந்தது. உதவித்தொகையில் படித்த ஒருவர், ஆட்சிப் பொறுப்புக்கு வந்ததும் மற்றொருவரை அரசுச் செலவில் படிக்க அனுப்பினார் என்பதே இதில் நான் காணும் நயம்.

அந்நாளில் மைசூர்த் தொழில் துறையின் இயக்குநராக இருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் வணிகத்தோடு உறவுடைய வாசகர்கள் இவரை அறிந்துகொள்வது அவசியம். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த இவர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடுவதைச் சென்னை அரசின் ஆதரவில் சோதித்தார். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோம் முறையில் சில நாட்களில் பக்குவமாயிற்று. கிணற்றில் நீர் இறைக்கும் கவலைப் பறிக்கு அத்தோல் நெடுநாள் உழைத்தது. ஆனால், அரசாங்கம் தொழில் நடத்துவது தங்களுக்குப் போட்டி என்று சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டனர். 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு, அரசுப் பணத்தைத் தொழிற்கல்விக்குச் செலவிடலாம், அரசே வணிகம் நடத்துதல் கூடாது என்று உத்தரவிட்டார். 1912-இல் சாட்டர்டன் மைசூருக்குச் சென்றார். சென்னை இழந்த திறமை பெங்களூருக்குப் பயன்பட்டது. எல்லைக் கோட்டின் இப்புறம் இருந்த நம் முன்னோர்கள் பெரும்பாலும் பழைய பட்டை முறையிலேயே தொடர்ந்தார்கள்.

இவ்வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மைசூர் அரசின் உயர் பதவிகளில் மிகப் பெரும்பாலானவை அந்நாளில் பிராமணர்கள் வசம் இருந்தன. படிப்பில் முந்தியவர்களுக்கே உதவித்தொகை, படித்தவர்களுக்கே பதவி என்ற நடைமுறையில் ஏனைய சமூகத்தார் வாசலிலேயே நின்றனர். முஸ்லிம்களும் அவ்வாறே. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் 1918-இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். திறமை ஒன்றே அளவுகோலாக வேண்டும் என்ற கருத்துடைய விசுவேஸ்வரய்யாவுக்கு அது உடன்பாடில்லை. அவ்வாண்டின் இறுதியில் பதவியிலிருந்து விலகினார். உதவித்தொகையின் துணையால் மேலே வந்த ஒரு மாமேதை, பிறருக்குக் கைகொடுக்கும் ஏற்பாட்டை ஐயத்தோடு நோக்கினார் என்பதை அவருடைய தொண்டின் மீதுள்ள மதிப்புக் குறையாமலேயே பதிவு செய்ய வேண்டியுள்ளது. ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாதாருக்குக் கிடைக்க வேண்டும் என்று மில்லர் குழு 1919-இல் பரிந்துரைத்தது. பதவி வேண்டுமெனில் முதலில் படிப்பு வேண்டும் என்பதை உணர்ந்து, உதவித்தொகைகளையும் அக்குழு வலியுறுத்திற்று.

பின்னர் 1926 முதல் 1941 வரை திவானாக இருந்தவர் சர் மிர்ஸா இஸ்மாயீல். ஈரானிலிருந்து குதிரை வணிகராக வந்து பெங்களூரில் தங்கிய அலி அஸ்கர் ஷீராஸியின் பேரர். சிறுவயதில் இளவரசரோடு ஒன்றாக அமர்ந்து பாடம் கேட்கும் வாய்ப்பைப் பெற்று, சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் முடித்து, 1905-இல் காவல் துறையில் உதவிக் கண்காணிப்பாளராக அரசுப் பணியைத் தொடங்கினார். அவர் காலத்தில் மாண்டியாவில் சர்க்கரை ஆலை, பத்ராவதியில் காகித ஆலை, பெங்களூரில் பீங்கான், மின்விளக்குத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்துடன் சேர்ந்து மைசூர் அரசு 25 லட்ச ரூபாய் முதலிட்டு விமானத் தொழிற்சாலையைத் தொடங்கியதும் அவரது ஆட்சியில்தான்.

அவ்விமானத் தொழிற்சாலையும், விடுதலைக்குப் பின் வந்த ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். நிறுவனங்களும் பெங்களூரை இயந்திர நகரமாக்கின. கடைசல் வேலை தெரிந்த ஒரு தலைமுறை அங்கே உருவாயிற்று. தமிழ்நாடு அரசு 1970-இல் சிட்கோவையும் 1971-இல் சிப்காட்டையும் நிறுவி, பின்தங்கிய பகுதியென அறியப்பட்ட ஓசூரில் மனைகளும் மானியமும் அளிக்கத் தொடங்கியபோது, 40 கிலோமீட்டர் தொலைவில் தேர்ந்த கைகள் தயாராக இருந்தன. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன. 1984-இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம் இங்கேயே கடிகார ஆலையை அமைத்தது.

டாட்டா என்றவுடன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜம்ஷெட்ஜி டாட்டா 1892-ஆம் ஆண்டிலேயே, இந்திய மாணவர்கள் அயல்நாட்டில் உயர்கல்வி பெறக் கடனுதவி நிதி ஒன்றை ஏற்படுத்தினார். சம்பாதிக்கத் தொடங்கியபின் திருப்பித் தர வேண்டும். அப்பணம் அடுத்தவருக்குச் செல்லும். 1924 வாக்கில் ஐ.சி.எஸ். பதவிக்கு வந்த இந்தியர் ஐவரில் இருவர் அந்நிதியால் படித்தவர்கள் எனக் கணக்கிடப்பட்டது. ஆலைகள் பல நடத்திய ஒரு வணிகர், பிள்ளைகளைத் தம் ஆலைக்கு மட்டும் தயார் செய்யாமல் அரசாங்க மேசைக்கும் அனுப்பியிருக்கிறார்.

அந்த மேசையின் அருமை பட்டறைக்காரருக்கே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இஷாவுக்குப் பின் சகோதரர் ஒருவர் கடன் விண்ணப்பத்துடன் என்னிடம் வந்தார். ஒரு மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கை அவருடையது. ஆனால் திட்ட அறிக்கை, விலைப்புள்ளி என்ற சொற்களைக் கண்டதும் அந்தக் கை நடுங்கிற்று. எனக்கும் அது விளங்கவில்லை. மதரஸாவில் கற்றவை அங்கே துணைக்கு வரவில்லை. முடிவில், ஓர் அலுவலகத்தில் இளைய அதிகாரி ஒருவர் அரை மணி நேரம் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக விளக்கி எழுதச் செய்தாராம். அரை மணி நேரம்தான். அந்தச் சகோதரர் இன்று மூன்று இயந்திரங்கள் வைத்திருக்கிறார்.

மாவட்டத் தொழில் மையங்கள் 1978 முதல் இயங்குகின்றன. தொழில் வணிகத் துறையின் பதவிகள் சில, தேர்வாணையத் தேர்வுகளின் வழியாகவே நிரப்பப்படுகின்றன. 2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு எனக் காட்டிற்று. தமிழ்நாட்டில் 2007 முதல் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

நமது பைத்துல்மால் கல்வி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைக் கமிட்டியாருடன் நானும் பார்ப்பதுண்டு. பொறியியலும் கணினியும் கேட்டு வருபவையே பெரும்பாலானவை. அவற்றுக்குத் தடையின்றி ஒப்புதல் கிடைக்கிறது. இவ்வாண்டு வந்தவற்றுள் ஒன்று, லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுதியது. குரூப் 2 தேர்வுக்கான புத்தகங்களுக்கும், சென்னையில் ஓராண்டு தங்கிப் படிக்கும் செலவுக்கும் உதவி கேட்டிருக்கிறார். இது படிப்பா, வேலை தேடலா என்ற ஐயம் எழுந்தமையால், அவ்விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.